ஆழ்கடல் தரையின் மேல் ஒரு சென்டிமீட்டர்: நீர்மூழ்கியில் போய் மண்ணும் மாங்கனீசு முடிச்சும் எடுப்பது எப்படி?

மேலூர்ப் பக்கத்திலிருந்து நிலவியல் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது: "கப்பலிலிருந்து கம்பியில் கருவியைக் கட்டி இறக்கினாலே ஐயாயிரம் மீட்டர் ஆழத்து மண் மேலே வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு மத்ஸ்யா 6000 மாதிரி ஆள் போகும் நீர்மூழ்கி? கீழே போகிறவர்கள் மண்ணையும் தாதையும் எப்படி எடுக்கிறார்கள்? கடல் இல்லாத மதுரையில் இருந்துகொண்டு இதில் எதையாவது கையால் செய்து பழக முடியுமா?"

முடியும். கண்மாய் போதும். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், ஏன் போக வேண்டும் என்பது.

மாங்கனீசு முடிச்சு என்பது ஆழ்கடல் தரையில் கிடக்கும் உலோகத் தாதுக் கட்டி. இந்தியா அவற்றைத் தேடும் இடம் மத்திய இந்தியப் பெருங்கடல் வடிநிலம். சர்வதேச கடற்படுகை ஆணையத்தோடு 2002இல் போட்ட ஒப்பந்தப்படி, ஆய்வு செய்யும் உரிமை நமக்கு அங்கே 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது. ஆழம் 5,000 மீட்டருக்கு மேல். அந்த ஆழத்தில் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துவிடும். எஞ்சுவது ரேடியோலேரியா, டயாட்டம் ஆகிய மிதக்கும் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகளும் நுண்ணிய களிமண்ணும்தான். அதுவும் மிக மெதுவாகப் படிகிறது. எவ்வளவு மெதுவாக என்பதற்கு அந்த மண்ணுக்குள்ளேயே ஓர் அடையாளம் இருக்கிறது: சுமாத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது விழுந்த சாம்பல். ஒரு குழாய் மண்ணில் அந்தச் சாம்பல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தால், ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் என்று கணக்கு வரும்.

அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் என்பது 2,500 ஆண்டுகள். கீழடிக்குத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்த காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. அந்தக் குடியிருப்பில் ஆள் நடமாடிய நாளிலிருந்து இன்று வரை அந்தக் கடல் தரையில் விழுந்த மண் மொத்தமும் உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். (புழுக்களும் கடல் வெள்ளரிகளும் மேல் சில சென்டிமீட்டரைக் கிளறிக் கலந்துவிடும் என்பதால் அதை ஆண்டுவாரியாகப் படிக்க முடியாது. அது வேறு கதை.) உயிர்கள் வாழ்வதும், மேலிருந்து விழும் கரிமப் பொருள் சிதைவதும், முடிச்சுகள் கிடப்பதும் அந்த மேல் படலத்தில்தான். எந்தக் கருவி அதைக் கலைக்காமல் கொண்டுவருகிறதோ அதுதான் நல்ல கருவி.

கப்பலிலிருந்து கம்பியில் இறக்கும் கருவிகளில், கிராவிட்டி கோரர் என்பது தலையில் எடை கட்டிய நீளக் குழாய். தன் எடையால் பல மீட்டர் மண்ணுக்குள் இறங்கும். ஆனால் மேல் படலத்தை ஊதித் தள்ளிவிடும். பாக்ஸ் கோரர் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரத்தை வெட்டி எடுக்கும். முடிச்சு எண்ண அதுதான் சரி, ஆனால் அலையில் கப்பல் ஏறி இறங்கும்போது சாய்ந்து விழுந்தால் மேற்பரப்பு கழுவிப்போகும். மல்டிகோரர் நன்றாகவே வேலை செய்யும். அது தரையில் கால் ஊன்றியபின் குழாய்களை மெதுவாக அழுத்துகிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஐந்து கிலோமீட்டர் கம்பியின் நுனி எங்கே விழுந்தது என்பது பல பத்து மீட்டர் பிழையோடுதான் தெரியும். முடிச்சுக்கு நடுவில் விழுந்ததா, அதற்கு இரண்டு மீட்டர் தள்ளி இருந்த வெற்று மண்ணில் விழுந்ததா, ஒரு புழுவின் வளையின் மேலேயே விழுந்ததா என்பது தெரியாது. நீர்மூழ்கியின் பயன் இங்கேதான். இடத்தைக் கண்ணால் பார்த்து, தேர்ந்து, அதன் சுற்றுப்புறத்தைப் படம் பிடித்து, பிறகு எடுக்கலாம். பத்தாண்டு கழித்து அதே அடையாளத்துக்குப் பக்கத்தில் மறுபடி எடுக்கலாம்.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். 75,000 சதுர கிலோமீட்டரில் எவ்வளவு தாது இருக்கிறது என்று மதிப்பிட நீர்மூழ்கி ஏற்ற கருவி அல்ல. அதற்குக் கப்பலிலிருந்து கட்டம் கட்டமாக எடுக்கும் மாதிரிகளே வேண்டும். 38 கோடி டன் என்று நாம் கேள்விப்படும் மதிப்பீடு அப்படி வந்ததுதான். ஆளில்லாத ஊர்திகளும் ஏராளமான வேலையைச் செய்யும்: சென்னை தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ரோசப் 6000 இதே வடிநிலத்தில் 2010இல் 5,289 மீட்டர் வரை போய்வந்தது. ஆள் போவதன் தனிப் பலன், கேமரா காட்டும் சதுரத்துக்கு வெளியே எதேச்சையாகத் தெரியும் ஒன்றைப் பார்த்து அங்கேயே திட்டத்தை மாற்ற முடிவது. அந்தத் தேவை உள்ள வேலைக்கு மட்டும் ஆளை அனுப்புவதே முறை என்பது என் கருத்து.

இனி, இறங்குவது. 5,000 மீட்டரில் அழுத்தம் சுமார் 500 பார். ஒரு ரூபாய் நாணயத்தின் பரப்பில் ஒன்றரை டன்னுக்கு மேல் உட்காருகிற மாதிரி. அதனால்தான் ஆள் இருக்கும் அறை உருண்டை. மத்ஸ்யா 6000இன் கோளம் 2.1 மீட்டர் உள்விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமன், டைட்டானியம் கலப்புலோகம். மூன்று பேர், 12 மணி நேர வேலை, அவசரத்துக்கு 96 மணி நேரம் உயிர்காப்பு. 2025 தொடக்கத்தில் இந்த ஊர்தியைக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் நீரில் இறக்கிச் சோதித்தார்கள். அப்போது அதில் பொருத்தியிருந்தது 500 மீட்டருக்கான எஃகுக் கோளம். பிரான்சின் 'நோட்டீல்' (Nautile), ஜப்பானின் ஷின்காய் 6500, அமெரிக்காவின் ஆல்வின் ஆகியவை பல்லாண்டுகளாக இதே வேலையைச் செய்பவை. 2025 ஆகஸ்டில் இந்தியர் இருவர் நோட்டீலில் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். ஒருவர் 4,025 மீட்டர், மற்றவர் 5,002 மீட்டர்.

இந்த வகை ஊர்தி நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மீட்டர் இறங்கும் என்று வைத்தால் 5,000 மீட்டருக்கு இரண்டே முக்கால் மணி நேரம். ஏறவும் அதே அளவு. மதுரை மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம் ஐம்பது மீட்டர் சொச்சம். ஒன்றன்மேல் ஒன்றாக நூறு கோபுரம் இறங்குகிற தூரம் அது. ஆக 12 மணி நேரத்தில் தரையில் கிடைப்பது ஆறு மணி நேரம்தான், அதிலும் மின்கலம் அனுமதிக்கிற அளவுக்கு. எந்தக் குழாயை எங்கே குத்துவது, எந்த வரிசையில் குத்துவது என்று மேலேயே எழுதிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்கும்போது எஃகு எடைக்கட்டிகளைச் சுமந்து போவார்கள். தரைக்கு மேல் ஐம்பது, நூறு மீட்டர் இருக்கும்போது அதில் ஒரு பகுதியை விட்டுவிட்டு, மிதக்கவும் மூழ்கவும் செய்யாத சமநிலைக்கு வருவார்கள். இந்தச் சமநிலை சரியாக அமையாவிட்டால் முதல் தவறு இங்கேயே நடக்கும். எடை மிகுந்தால் ஊர்தி தரையில் தொம்மென்று உட்காரும். குறைந்தால் கீழே அழுத்திப் பிடிக்க உந்துவிசையை ஓட்டவேண்டி வரும். முதலாவதில் மண் புகையாய்க் கிளம்பும்; இரண்டாவதில் மின்கலம் வீணாகும்.

அந்தப் புகைதான் பெரிய எதிரி. மண் அவ்வளவு நுண்மையானது. விளக்கு வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்த மாதிரி ஆகிவிடும். எனவே நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீரில் மிதக்கும் துகள்கள் சாளரத்துக்கு வெளியே எந்தப் பக்கம் நகர்கின்றன என்று இரண்டு நிமிடம் கவனித்தால் தெரியும். ஊர்தியின் மூக்கு ஓட்டத்தை எதிர்த்து நிற்க வேண்டும். அப்போது கிளம்பிய புகை பின்னால் போய்விடும். மூக்குக்கு முன்னால் உள்ள மண் தொடப்படாமல் இருக்கும். அசையாமல் காத்திருந்து, தெளிந்தபின் படம். படத்தில் 10 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு லேசர் புள்ளிகள் விழ வேண்டும். அவை இல்லாத படத்தில் முடிச்சின் அளவை யாரும் அளக்க முடியாது.

மண் எடுக்கும் கருவி எளிமையானது. புஷ் கோர் என்பார்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமும் 6, 7 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள பாலிகார்பனேட் குழாய். மேலே 'டி' வடிவப் பிடி. தலையில் தண்ணீரை வெளியே மட்டும் விடும் ரப்பர் வால்வு. ஊர்தியின் முன்கூடையில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு உறை. உறையின் அடியில் குழாயின் வாயை அடைக்கும் ரப்பர் தக்கை. இயந்திரக் கை பிடியைப் பற்றி, உறையிலிருந்து உருவி, செங்குத்தாக மண்ணுக்கு மேல் கொண்டுவருகிறது. குழாயின் வாய் மண்ணைத் தொடும் கணத்தில் வேகம் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். வேகமாக வந்தால் குழாய்க்கு முன்னால் தள்ளப்படும் தண்ணீர், அந்த மேல் படலத்தைப் பக்கவாட்டில் ஊதிவிடும். பிறகு ஒரே சீராக அழுத்தி, குழாயில் மேலே 5 சென்டிமீட்டராவது தண்ணீர் மிச்சமிருக்கும்போது நிறுத்த வேண்டும். அரை நிமிடம் சும்மா இருந்தால் மண் குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்ளும். பின் மெதுவாக, செங்குத்தாகத் தூக்கி, நேராக உறைக்குள் இறக்கித் தக்கையில் அழுத்திவிட வேண்டும்.

கெட்டுப்போவது எப்படி? ஆழமாக அழுத்திவிட்டால் மேல் படலம் வால்வில் போய் மோதி நசுங்கும். மேலே வந்த குழாயில் தண்ணீரே இல்லாவிட்டால் அதை மேல்மட்ட ஆய்வுக்கு எடுக்காதீர்கள். வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் உறிஞ்சுபிடிப்பு போய், தூக்கும்போது மண் வழுக்கி விழும். அதனால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் வால்வைக் கழுவி விரலால் தட்டிப் பார்ப்பார்கள். சாய்வாகக் குத்தினால் அடுக்குகளும் சாயும், ஆழக் கணக்குத் தவறும். எல்லாவற்றிலும் மோசம், குழாயின் விளிம்பு ஒரு முடிச்சின் மேல் உட்காருவது. முடிச்சு கீழே தள்ளப்பட்டு, மேல் மண்ணைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். வெளியிலிருந்து பார்க்கக் குழாய் அழகாக இருக்கும். ஆய்வில் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மேல்மட்ட வேதியியல் தெரியும். முடிச்சு நிறைந்த இடத்தில் குத்துவதற்கு முன்னாலும் பின்னாலும் படம் கேட்பது இதற்காகத்தான். ஒரே இடத்தில் குறைந்தது மூன்று குழாய் எடுப்பதும் வழக்கம்: ஒன்று உயிரினங்களுக்கு, ஒன்று மண்ணிடைத் தண்ணீருக்கு, ஒன்று மண்ணின் இயற்பியலுக்கு.

முடிச்சு எடுப்பதில் உடல்வேலை எளிது, பதிவு கடினம். மத்திய இந்தியப் பெருங்கடல் முடிச்சுகளில் மாங்கனீசு சுமார் 24 சதவீதம், நிக்கலும் தாமிரமும் ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்தை ஒட்டி, கோபால்ட் 0.1 சதவீதத்தை ஒட்டி. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும். சுறாப்பல், எரிமலைக் கல்துண்டு, பழைய முடிச்சின் சில்லு, இப்படி ஏதோ ஒன்று உள்ளே கருவாக இருக்கும். மேல்பக்கம் கடல்நீரிலிருந்தும், அடிப்பக்கம் மண்ணிடைத் தண்ணீரிலிருந்தும் உலோகத்தை வாங்குகிறது. அதனால் மேல்பக்கம் வழவழப்பாகவும் அடிப்பக்கம் சொரசொரப்பாகவும் இருப்பது வழக்கம், உலோக விகிதமும் மாறும். கை ஒரு முடிச்சைத் தூக்கிக் கூடையில் உருட்டிவிட்டால் எது மேல், எது கீழ் என்பது போய்விடும். எடுப்பதற்கு முன் படம், பெட்டியில் தனித்தனி அறை, கப்பலுக்கு வந்ததும் மேல்பக்கத்தில் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி. இந்தப் புள்ளியை மறந்தால் அந்த முடிச்சு பாதி பயனற்றது.

எண்ணிக்கையில் இன்னொரு பொறி உண்டு. மண்ணின் மெல்லிய போர்வைக்குக் கீழே கிடக்கும் முடிச்சுகளைப் படம் காட்டாது; படத்தை மட்டும் நம்பினால் எடை குறைவாக வரும். பாக்ஸ் கோரரின் 0.25 சதுர மீட்டரில் 1.5 கிலோ கிடைத்தால் சதுர மீட்டருக்கு 6 கிலோ. அதே இடத்துப் படக்கணக்கு அதைவிடக் குறைந்தால் வியப்பில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் செய்து திருத்த விகிதம் எடுக்க வேண்டும்.

வெந்நீர் ஊற்றுகளின் சல்பைடு தாது தனி உலகம். 1979இல் கிழக்குப் பசிபிக்கில் ஆல்வின் கண்ட கரும்புகைக் கூம்புகளில் தண்ணீர் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 2024 டிசம்பரில் இந்திய ஆய்வாளர்கள் இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் உயிர்ப்புள்ள ஊற்று ஒன்றை ஆளில்லா ஊர்தியால் படமெடுத்தார்கள். அங்கே வேலை செய்வோருக்கு ஒரே விதி: ஊற்றின் வாய்க்கு நேர் மேலே போகக் கூடாது. அக்ரிலிக் சாளரம் அந்தச் சூட்டைத் தாங்காது. எடுத்த சல்பைடு காற்றுப் பட்டால் துருப்பிடிக்கும், நைட்ரஜன் அடைத்த பையில் வையுங்கள்.

கப்பலுக்கு வந்த மண்ணுக்கு நேரம் குறைவு. குழாயை நிமிர்த்தியபடியே குளிரறைக்குக் கொண்டுபோய், மேலே உள்ள தண்ணீரைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்து, அடியிலிருந்து பிஸ்டனால் மண்ணைத் தள்ளி, தகட்டால் வெட்ட வேண்டும். மேல் 2 சென்டிமீட்டரை அரை அரையாக, பிறகு ஒவ்வொன்றாக, 10க்குக் கீழே இரண்டிரண்டாக வெட்டினால் போதும். சுவரை ஒட்டிய 2, 3 மில்லிமீட்டரைச் சீவித் தள்ளுங்கள். அது மேலிருந்து கீழே இழுபட்ட மண்.

உலர்த்தி எடை போடும்போது புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் விடும் பிழை உப்பு. இந்த மண்ணில் காய்ந்த எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தண்ணீர் இருக்கும், அது கடல்நீர். 100 கிராம் ஈரமண்ணை 105 டிகிரியில் உலர்த்தி 25 கிராம் வந்தது என்று வையுங்கள். போனது 75 கிராம் நன்னீர். அதில் கரைந்திருந்த உப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கடல்நீரில் 1,000க்கு 35 பங்கு உப்பு என்றால், 75 × 35 ÷ 965 = 2.7 கிராம். உண்மையான மண் 22.3 கிராம்தான். திருத்தாமல் விட்டால் மண்ணின் எடை 12 சதவீதம் கூடுதலாகப் பதிவாகும். அதை வைத்துச் செய்யும் எல்லா வேதிக்கணக்கும் அந்த அளவுக்கு நீர்த்துப்போகும். முடிச்சுகளுக்கும் ஓர் எச்சரிக்கை: நுண்துளை நிறைந்தவை, உலர்த்தி வெளியே எடுத்த கணமே காற்றின் ஈரத்தைக் குடிக்கும். உலர்மூடியில் (ஈரம் புகாத மூடிய கலம், டெசிக்கேட்டர்) ஆறவிட்டு உடனே எடை போடுங்கள்.

இனி கண்மாய். மாசி, பங்குனியில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றிய கண்மாயைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஊரில் சொல்லிவிட்டு, துணைக்கு ஒருவரோடு போங்கள். தண்ணீர் நிற்கும் கல்குவாரிப் பள்ளம் வேண்டவே வேண்டாம், அது செங்குத்தாக இறங்கும். 63 எம்எம் பிவிசி பைப் ஒரு மீட்டர். உள்ளே தெரியும் அக்ரிலிக் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. கீழ் விளிம்பை வெளிப்பக்கமாக அரத்தால் சீவிக் கூராக்குங்கள். தண்ணீர் தெளியும்வரை அசையாமல் நில்லுங்கள், பிறகு கை நீட்டும் தூரத்தில், காலடி படாத இடத்தில், இரண்டு கையாலும் மெதுவாகச் செங்குத்தாக 30 சென்டிமீட்டர் அழுத்துங்கள். குழாயை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி ரப்பர் தக்கையால் இறுக அடைத்துத் தூக்குங்கள், மண்ணோடு வரும். அடிவாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்ட பிறகே தண்ணீருக்கு வெளியே எடுக்க வேண்டும்.

தூக்குவதற்கு முன்னால் ஓர் அளவு: தக்கையை அடைக்குமுன், குழாயின் மேல்வாயிலிருந்து வெளியே உள்ள மண்மட்டம் எவ்வளவு, உள்ளே உள்ள மண்மட்டம் எவ்வளவு என்று குச்சியை மெல்ல இறக்கி அளந்து எழுதுங்கள். உள்ளே 3 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் 30 சென்டிமீட்டர் மண் 27 ஆக நசுங்கியிருக்கிறது. கரம்பை மண்ணில் இது கண்கூடாகத் தெரியும். அதே குழாயைப் பத்து தடவை, ஐந்து மெதுவாகவும் ஐந்து வேகமாகவும் குத்தி, இரண்டுக்கும் நசுங்கலையும் மேல்மட்டத்தின் கலங்கலையும் ஒப்பிட்டு அட்டவணை போடுங்கள்.

கரம்பை காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் ஸ்மெக்டைட் களிமண்ணின் குணம் அது. அந்தக் களிமண் ஆழ்கடல் மண்ணிலும் உண்டு. எனவே முழுக் குழாயை வெயிலில் காயவிட்டு வெட்டலாம் என்று நினைக்காதீர்கள், அடுக்குகள் கிழிந்து ஆழக்கணக்குப் போய்விடும். ஈரமாகவே ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, எடை போட்டு, 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடை போட்டு, ஆழத்துக்கு எதிரே நீர்ச்சதவீதத்தை வரையுங்கள். கண்மாய்க்கு உப்புத் திருத்தம் கிட்டத்தட்டத் தேவைப்படாது. கடல் மண்ணுக்கு எழுதும்போது அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தை இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளிலிருந்தே மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1989இல் பெரு வடிநிலத்தில் ஆய்வுக்காகக் கலப்பைபோல் இழுத்த தடங்கள், 2015இல் திரும்பிப் போய்ப் பார்த்தபோதும் அப்படியே கிடந்தன. முடிச்சை அள்ளும் எந்திரம் எதை அழிக்கும், அது எத்தனை ஆண்டில் மீளும் என்ற கேள்விக்கு, அள்ளுவதற்கு முன் எடுத்த கலையாத மேல்மண் கையில் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். அந்த முன்நிலைப் பதிவுக்காக எடுக்கும் ஒவ்வொரு குழாயிலும் இவை இருக்கட்டும்: நாள், நேரம், ஆழம், ஊர்தியின் முகத்திசை, நீரோட்டத் திசை, குத்துமுன் படத்தின் எண், குத்தியபின் படத்தின் எண், குழாய்க்குள் மிஞ்சிய தண்ணீரின் உயரம், மேல்மட்டம் தெளிவா கலங்கலா. கண்மாய்க் குழாயிலும் இதையே எழுதிப் பழகுங்கள்; ஊர்தியின் முகத்திசைக்குப் பதிலாக நீங்கள் நின்ற திசையைப் போட்டுக்கொள்ளலாம்.